கட்டைக்குரல் அன்ரோனெற்றும் கன்மலை பாண்டும்

கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் வருடக்கணக்காக நின்றும் ஒரு வரிகூடப் பாடாத ஆள் யார் என்று கேட்டால், மன்னார்ப் பள்ளிமுனையில் சின்னப்பிள்ளையும் அன்ரோனெற்றைத்தான் காட்டும். அது அவளுடைய குற்றம் இல்லை, குரலின் குற்றம். மற்றப் பெட்டைகள் எல்லாம் குருவி மாதிரிக் கீச்சிட்டுக்கொண்டிருந்த வயதில், இவளுடைய குரல் மட்டும் ஒரே இறக்கமாக இறங்கி, வள்ளத்தை மணலில் இழுக்கும்போது அடிப்பலகை உராய்கிற சத்தத்துக்குப் போய்விட்டது. போனது திரும்பி வரவில்லை.

பாடகர் குழுவை நடத்துகிறவர் எட்வேட் மாஸ்ரர். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், ஆர்மோனியத்தில் இருந்து ஓய்வுபெறாதவர். அவர் அவளைப் பின்வரிசைக்குக் கூப்பிட்டு, காதோடு காதாக, மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

"பிள்ளை, நீ நில்லு. வடிவா நில்லு. வாயை மட்டும் அசை."

அவளும் அசைத்தாள். திருநாள் படங்களைப் பார்த்தால் அவள்தான் எல்லாரையும்விட அகலமாக வாயைத் திறந்திருப்பாள். தெரியாத ஆட்கள் பார்த்தால், தனிப்பாட்டு இவளுடையதுதான் என்று சத்தியம் செய்வார்கள். தன்னுடைய கோயிலில், தன்னுடைய ஆட்களுக்கு முன்னால், ஒரேயொரு தரம் அந்த வாய்க்குள் இருந்து சத்தமும் வரவேண்டும் என்பது அவள் ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் பரிதாபப்படுவார்கள், அது இன்னும் மோசம்.

படிப்பு முடிந்தது என்று சொல்வதைவிட, படிப்பு அவளை விட்டுவிட்டது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போனாள். அவித்த நண்டை உடைத்து, ஓடு இல்லாமல் சதையைப் பிரித்துப் போடுகிற வேலை. வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து, முகத்தில் துணி. எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள். எந்தக் குரல் யாருடையது என்று மேற்பார்வையாளருக்குத் தெரியாது. அதனால் அங்கே அவள் பாடினாள். முகத்துணிக்குள் இருந்து வருகிற பாட்டுக்கு முன்வரிசையும் இல்லை, பின்வரிசையும் இல்லை.

எதிர்மேசையில் இருந்த மதலேனா, நண்டுக் கத்தியின் பிடியால் மேசையில் தட்டத் தொடங்கினாள். மதலேனா சும்மா இருக்கத் தெரியாத பிறவி. பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் முன்வாங்குப் பலகையில் விரலால் தாளம் போட்டு மற்றவர்களின் செபத்தைக் கெடுப்பாள். மூன்றாவது ஆள் சிவலட்சுமி. உயிலங்குளத்தில் இருந்து காலை பஸ்ஸில் வருகிற, வயல்காரர் வீட்டுச் சைவப் பெட்டை. அவள் பாடவும் மாட்டாள், தட்டவும் மாட்டாள். பாட்டுக்குக் கீழே "ம்ம்ம்" என்று ஒன்று போட்டுக்கொண்டிருப்பாள். அவள் லீவு எடுத்த நாளில்தான் மற்ற இரண்டு பேருக்கும் அந்த "ம்ம்ம்" எவ்வளவு பெரிய சாமான் என்று விளங்கியது.

அன்ரோனெற்றின் அண்ணன் வெளிநாடு போகும்போது ஒரு கிற்றாரை விட்டுவிட்டுப் போயிருந்தான். நண்டு ஓடு கீறிக் காய்த்துப்போன விரலுக்குக் கம்பி வலிக்கவே இல்லை. ட்றம்ஸும் ஒலிபெருக்கியும் உப்புக்குளத்தில் சனூன் நானாவின் வாடகைக் கடையில் எடுத்தார்கள். அந்தக் கடைச் சுவரில், கொழும்பில் இருந்து கலியாணத்துக்கு வந்த ஏதோ ஒரு குழு மறந்துவிட்டுப் போன பேஸ் கிற்றார் ஒன்று தொங்கியது. நாலே நாலு கம்பி.

"இதை ஆரும் கேக்கிறேல்லை. தூசு பிடிக்குது. கொண்டு போங்கோ," என்றார் சனூன் நானா.

சிவலட்சுமி அதைத் தட்டிப் பார்த்தாள். அவளுடைய "ம்ம்ம்" அதற்குள் இருந்தே வந்தது. அன்றைக்குத்தான் அவர்கள் பாண்ட் ஆனார்கள்.

பாட்டு எல்லாம் கிறிஸ்தவ வேதப் பாட்டுத்தான், ஆனால் றொக். அன்ரோனெற் தானே எழுதினாள். அவளுக்கு மிகவும் பிடித்தது மரிய மதலேனாளின் பாட்டு. கல்லறைக்கு முதலில் போனவள், ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று ஓடிவந்து முதலில் சொன்னவள், சொன்னதை ஆண்கள் ஒருவரும் நம்பாதவள்.

விடியமுன் போனேன், கல் புரண்டு கிடந்தது;
ஓடிவந்து சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.
பெண்பிள்ளைப் பேச்சென்று சிரித்தவர்களே,
நான் சொன்ன சொல்லின்மேல் நிற்கிறீர் இன்று.

அதற்குப் பிறகு அன்ரோனெற்றும் மதலேனாவும் சேர்ந்து "அல்லேலூயா" என்று ஒரு போடு போடுவார்கள். சனூன் நானாவின் கடைத் தகரம் அதிரும். நண்டுக் கொம்பனிப் பெட்டைகள் அந்தப் பாட்டைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் ஏசிய நாளில், முகத்துணிக்குள் இருந்து முதல் வரியை முணுமுணுத்தால் போதும், மேசை முழுக்கத் தோள்கள் கொஞ்சம் நிமிரும்.

"இது என்ர பாட்டுத்தானே. பேரே என்ரதுதான்," என்பாள் மதலேனா.

"நீ போயிருந்தா கல்லறையிலயும் தாளம் போட்டுச் செட்டை வைச்ச சம்மனசுகளைக் கலைச்சிருப்பாய்," என்பாள் அன்ரோனெற்.

இனிப் பெயர். றொக் என்றால் தமிழில் என்ன என்று யோசித்தபோது சிவலட்சுமி, "கன்மலை" என்றாள். உயிலங்குளத்துப் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு செபக்கூடத்துச் சுவரில் அந்தச் சொல் பெரிதாக எழுதியிருக்கிறது. வேதக்காரர் எல்லாருக்கும் ஒரே சொல்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். மற்ற இரண்டு பேருக்கும் சொல்லின் சத்தம் பிடித்துப்போயிற்று. பெரிய ட்றம்மில் பெயின்றால் எழுதியும் முடிந்தது. பிறகுதான் ஊர் கண்டுபிடித்தது. கத்தோலிக்கருக்கு அது "பாறை". "கன்மலை" என்பது கை தட்டிச் செபிக்கிற மற்றச் சபைக்காரரின் சொல். ஊரில் அவர்களுக்குப் பட்டப்பெயர் அல்லேலூயாக்காரர்.

விடுவார்களா? சைக்கிளில் போகிற பொடியன்கள் எல்லாம், "அல்லேலூயா பாண்ட் போகுது, விலகுங்கோ!" என்று கத்தினார்கள். எட்வேட் மாஸ்ரர் கத்தவில்லை. பூசை முடிய அவளைக் கூப்பிட்டு, "சபை மாறிப் போறதெண்டா சொல்லிப்போட்டுப் போ பிள்ளை. பின்வரிசையில ஒரு இடம் மிஞ்சும்," என்றார். அவள் வாயை மட்டும் அசைத்தாள். பழக்கம்.

ஒருவரும் அவர்களைக் கூப்பிடவில்லை. திருநாளுக்கு இல்லை, நத்தார் ஒளிவிழாவுக்கு இல்லை. மதலேனா சனூன் நானாவுக்குத் தினமும் ஒரே மந்திரம் ஓதினாள்: "ஆரும் பாண்ட் கேட்டா எங்களைச் சொல்லுங்கோ நானா." அவர் தலையை ஆட்டுவார்.

கடைசியில் ஒருநாள் நானாவின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, நாளைக்குப் பின்னேரம் வங்காலையில. பஸ்ரியன் எண்டு ஒருத்தர். பாண்ட் வேணுமாம். நான் சரியெண்டு சொல்லிப்போட்டன்."

"என்ன விசேஷம் நானா?"

"நான் கேக்கேல்லை. ஆள் அழுதழுது கதைச்சவர். தங்கச்சியாருக்குக் கலியாணமாக்கும்."

இந்த இடத்தில் அன்ரோனெற் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். அது உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின தவக்காலம். தவக்காலத்தில் எந்தக் கத்தோலிக்கனும் கலியாணம் செய்யமாட்டான். முஸ்லிமான சனூன் நானாவுக்கும் சைவக்காரி சிவலட்சுமிக்கும் அது தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை. நெற்றியில் திருநீற்றுச் சாம்பல் பூசிக்கொண்ட மற்ற இரண்டு பேரும் எந்த உடுப்புப் போடுவது என்பதைத் தவிர வேறொன்றையும் யோசிக்கவில்லை.

லான்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ட்றம்ஸையும் ஒலிபெருக்கியையும் ஜெனரேற்றரையும் ஏற்றி, நானாவே ஓட்டிக்கொண்டு வந்தார். மதலேனா மினுங்குகிற மஞ்சள் சட்டை. சிவலட்சுமி தலை நிறையப் பூ. ஒழுங்கைக்குள் திரும்பியதும் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது.

"பொம்பிளையை அனுப்பேக்க அழுகிறவைதானே," என்றாள் சிவலட்சுமி.

அன்ரோனெற் கறுப்புக் கொடியைக் கண்டாள். கழுத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துக் கிற்றார் பைக்குள் திணித்தாள். சிவலட்சுமி அதைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் பூவை எடுத்தாள். மஞ்சள் சட்டைக்கு மட்டும் ஒரு வழியும் இருக்கவில்லை.

பஸ்ரியன் ஓடி வந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"வந்திட்டீங்களோ? அம்மாவை எடுக்கப் போறம். ஊதுறவை எங்க?"

மன்னார்க் கரையில் "பாண்ட்" என்றால் செத்தவீட்டு ஊர்வலத்தில் பெட்டிக்கு முன்னால் போகிற, குழல் ஊதுகிற பாண்ட் என்பதும் ஒரு கருத்து. ஒரு கருத்து என்ன, பாதிப்பேருக்கு அதுதான் கருத்து.

"ஊதுறவை இல்லை அண்ணை," என்றாள் அன்ரோனெற். "நாங்கள் மூண்டு பேர்தான். நாங்கள் வேற பாண்ட். எங்களுக்குக் கலியாணமெண்டு சொன்னவை."

பஸ்ரியன் அவளையும், மதலேனாவின் சட்டையையும், ட்றம்மில் இருந்த எழுத்தையும் பார்த்தான். கோபப்படக்கூட அவனிடம் பலம் இல்லை.

"எதையாவது அடியுங்கோ தங்கச்சி. அம்மாவைச் சத்தமில்லாமல் கொண்டுபோகேலாது."

அப்போதுதான் பந்தலுக்குள் இருந்து எட்வேட் மாஸ்ரர் வந்தார். இறந்துபோன அன்னப்பிள்ளை அவருடைய கூடப்பிறந்த அக்கா. அன்ரோனெற்றுக்கு அது அந்த நிமிடம் வரை தெரியாது. தெரிந்திருந்தால் வருகிற வழியில் லான்மாஸ்ரரில் இருந்து பாலத்தடியிலேயே குதித்திருப்பாள்.

"இதென்ன கூத்து? பஸ்ரியன், அல்லேலூயாக்காரரைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறியோ?"

"மாமா, இனி வேற ஆக்களை எங்க தேடுறது? பூசை வைக்கச் சுவாமி கோயிலில பாத்துக்கொண்டு நிக்கிறார்."

மாஸ்ரர் அன்ரோனெற்றுக்குக் கிட்டே வந்தார். "பிள்ளை, இது என்ர அக்கா. இது தவக்காலம். ஒரு சொல்லுப் பிழைச்சாலும், உயிரோட இருக்கும்வரைக்கும் உன்னை நான் கோயிலில பாட விடமாட்டன். விளங்கிச்சோ?"

"ஓம் சேர்."

அவர்களிடம் இருந்ததே மூன்று பாட்டு. ஒன்று கடல் கொந்தளிப்பு, அதற்கு ஆடத்தான் முடியும். மற்றது கோலியாத்தைக் கொல்கிறது. மிஞ்சியது கல்லறைப் பாட்டு.

"மெதுவா அடி," என்றாள் மதலேனாவிடம்.

"எவ்வளவு மெதுவா?"

"பெட்டி தூக்கிறவையின்ர காலைப் பாத்து அடி."

பெட்டி வெளிக்கிட்டது. பின்னால் சனூன் நானா, மூன்று பேரையும் ஏற்றிய லான்மாஸ்ரரை மனிதர் நடக்கிற வேகத்துக்கு ஓட்டினார். மதலேனா கைகளை மேலே தூக்காமல், பெரிய ட்றம்மைக் காலால் மட்டும் மிதித்தாள். டும். டும். தூக்கிக்கொண்டு போனவர்களின் கால்கள் தானாகவே அதற்குள் விழுந்தன. சிவலட்சுமி ஒரேயொரு கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அன்ரோனெற் பாடினாள். கடைத் தகரத்தின் கீழே கத்திப் பாடிய பாட்டு, மெதுவாகப் பாடியதும் வேறு ஆளாய் மாறிவிட்டது. விடியமுன் போனேன். கல் புரண்டு கிடந்தது. மணல் ஒழுங்கையில் பெட்டிக்குப் பின்னால் நடந்த பெண்கள் அழுகையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். நான் சொன்ன சொல்லின்மேல் நிற்கிறீர் இன்று.

அவள் வாயைத் திறந்தாள். "அ" வெளியே வந்துவிட்டது.

அப்போதுதான் நினைவு வந்தது. தவக்காலம் முழுக்கக் கோயிலில் அல்லேலூயா என்ற சொல் கிடையாது. தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனோடு மூடி வைத்தால், உயிர்ப்புத் திருநாள் இரவுப் பூசையில்தான் அதைத் திறப்பார்கள். இப்போது அதைச் சொன்னால், மாஸ்ரரின் அக்காவுடைய பெட்டிக்குப் பின்னால், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, அல்லேலூயாக்காரி என்று அவளே எழுதிக் கையெழுத்து வைத்தது மாதிரி. "அ" வந்துவிட்டது. அடுத்த எழுத்தை வெளியே விடவும் முடியாது, வந்ததைத் திரும்ப விழுங்கவும் முடியாது.

அதனால் அதையே பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆ..." அது நீண்டது. நீண்டு இறங்கியது. எல்லாரும் பரிகசித்த அந்தக் கட்டைக்குரல், தான் போகக்கூடிய அடிமட்டம் வரை போய், அங்கே உட்கார்ந்துகொண்டது. சிவலட்சுமி ஒரு நொடி திகைத்துவிட்டு, கம்பியை அதற்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். மதலேனா அடிப்பதையே விட்டுவிட்டாள். ஒரு சொல் வரவேண்டிய இடத்தில் வராமல் நின்றது அங்கே நடந்த ஒவ்வொருவருக்கும் கேட்டது. அது எந்தச் சொல் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒரு கிழவி முதலில் தொடங்கினாள்: "ஆ... என்ர அன்னப்பிள்ளை..." பிறகு மற்றவர்கள். அதுவரை ஊதுகிறவர்களையும் சுவாமியையும் ஐஸ்பெட்டியையும் தேடி ஓடிக்கொண்டிருந்த பஸ்ரியன், பெட்டியில் கையை வைத்துக்கொண்டு அம்மாவுக்காக அழத் தொடங்கினான்.

கோயில் வாசல் வரைக்கும், அங்கிருந்து சேமக்காலைக் கல்லறைகள் வரைக்கும் அதே பாட்டு. ஒவ்வொரு தரமும் அந்த இடம் வரும். ஒவ்வொரு தரமும் "ஆ" மட்டும். மாஸ்ரர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தார். போகும்போது சனூன் நானாவுக்கு மட்டும் தலையை ஆட்டினார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, எல்லாரும் போன பிறகு, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் அவளைக் கூப்பிட்டார்.

"அந்த ஆ. அதை ஆர் சொல்லித் தந்தது?"

பொய் சொல்ல நல்ல இடம். தவக்காலத்தை மதித்து அப்படி அமைத்தோம் சேர் என்று சொல்லியிருக்கலாம். ஊரும் அப்படித்தான் கதைத்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தரும் இல்லை சேர். அது அல்லேலூயாவின்ர முதல் எழுத்து. மறந்துபோய்த் துவங்கிட்டன்."

"அது எனக்கும் விளங்கினது. முதல்தரம் உன்ர கண்ணைப் பாத்தனான், நண்டு கடிச்ச மாதிரி முழிச்சாய்." மாஸ்ரர் ஆர்மோனியத்தின் துருத்தியைச் சும்மா திறந்து மூடினார். "ரண்டாந்தரம்?"

"ரண்டாந்தரம் வேணுமெண்டுதான்."

"அதைத்தான் கேட்டனான். மூச்சு எங்க எடுத்தனீ?"

"எடுக்கேல்லை சேர்."

அவர் ஆர்மோனியத்தை மூடி வைத்தார். பிறகு, ஆண்டவர் மரித்த பெரிய வெள்ளியன்று சனம் சிலுவையை முத்தமிட வரும்போது பாடுகிற பாட்டை அவளைத் தனியாகப் பாடச் சொன்னார். முன்னால் நின்று. அவள் இத்தனை வருடமாகக் காத்துக்கொண்டிருந்த இடம் அதுதான். கையில் வந்து விழுந்திருக்கிறது. ஓம் என்று சொல்ல வேண்டியதுதான்.

"நாங்கள் மூண்டு பேர், சேர்," என்று அவள் வாய் சொன்னது.

"விசரே உனக்கு? பெரிய வெள்ளி. வாத்தியம் ஒண்டும் ஏலாது. ஆர்மோனியத்தையே பூட்டி வைக்கிறது."

"வாத்தியம் இல்லாமலும் நாங்கள் பாண்ட்தான்."

"அந்தச் சைவப் பெட்டை?"

"அவள் வாயே திறக்கமாட்டாள் சேர். ம் எண்டு மட்டும்."

"மற்றவள்? அவள் சும்மா நிப்பாளோ?"

மதலேனா சும்மா நிற்கமாட்டாள் என்று ஊருக்கே தெரியும். மாஸ்ரர்தான் மூக்கைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அண்டைக்கு மணி அடிக்கிறேல்லை. மரக்கட்டைதான் தட்டுறது. தட்டிற ஆளுக்கு முழங்கால் வருத்தம். அவளைக் கேட்டுப் பார்."

பெரிய வெள்ளி. சரியான வெயில். கோயில் நிறையச் சனம், ஆனால் இருமல் சத்தம் மட்டும்தான். மதலேனா மரக்கட்டையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கையை அசைக்காமல் இருந்தாள். சிவலட்சுமி வெள்ளைத் தாவணியில், எந்த இடத்தில் முழங்காலில் நிற்க வேண்டும் என்று தெரியாமல், பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்துப் பார்த்து நின்றாள். ஆண்கள் வழமைபோலப் பின்னால், பாதிப்பேர் கதவுக்கு வெளியே. கடலில் காற்றை மீறிக் கூப்பிடுகிற குரல்கள், கோயிலுக்குள் வந்தால் மட்டும் ஊமை. ஏனென்றால் எட்வேட் மாஸ்ரர் கொடுக்கிற சுருதி எப்போதும் பெட்டைகளின் உயரம். அதற்கு அவர்களால் ஏறமுடியாது. முயன்றால் தொண்டை கிழியும், மனைவி திரும்பிப் பார்ப்பாள்.

சிலுவையை முன்னால் கொண்டுவந்தார்கள். மதலேனா கட்டையைத் தட்டினாள். மாஸ்ரர் கையை உயர்த்தி, வாயால் சுருதி கொடுத்தார். வழமையான உயரம்.

அன்ரோனெற் அதை எடுக்கவில்லை. அவள் தன்னுடைய இடத்தில் தொடங்கினாள், கீழே, மிகவும் கீழே. பின்பாட்டுக்குக் காத்திருந்த முன்வரிசைப் பெட்டைகள் தடுமாறி நின்றார்கள். சிவலட்சுமியின் "ம்ம்ம்" வந்து அதற்கு அடியில் படுத்துக்கொண்டது. முதல் வரி முழுவதும் இவர்களைத் தவிர ஒருவரும் இல்லை. இரண்டாவது வரியில் கதவுப் பக்கத்தில் இருந்து ஒரு சத்தம் வந்தது. வள்ளங்கள் வைத்திருக்கிற அந்தோனிமுத்து சம்மாட்டி. அவர் பாடியதை அவருடைய பேரப்பிள்ளைகளே கேட்டதில்லை. தான் பாடுகிறோம் என்று அவருக்கும் தெரியவில்லை போல. சிலுவையைப் பார்த்துக்கொண்டு, அந்த உயரம் தனக்குச் சரியாக இருந்ததால் பாடினார். பிறகு அவருக்குப் பக்கத்தில் நின்றவர். பிறகு வெளியே நின்றவர்கள் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே ஒரு அடி வைத்தார்கள். கோயிலின் பின்பாதி முழுக்க, கரடுமுரடாக, உப்புத் தண்ணீர் பட்ட குரல்களோடு, அவளுக்குக் கீழே வந்து சேர்ந்தது.

மாஸ்ரரின் கை இன்னும் மேலேதான் நின்றது, சுருதியைத் தூக்கிவிடப் போகிறவர் மாதிரி. பாட்டு நடந்துகொண்டிருக்க, அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அவள் பாடிக்கொண்டிருந்த உயரத்துக்கு வந்து நின்று, அங்கிருந்து தாளம் போடத் தொடங்கியது.